பச்சைக் கோடு

“பொணம் எங்கே கிடந்துச்சு?”

“எங்க வீட்டுக்காரர் கார்லக்கா. பின்சீட்டுல.” பட்டாம்பூச்சிப் பிரிவுக்காரி தீப்பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

அந்தப் பூச்சி அருங்காட்சியகத்தில் செத்த ஈயைப் பொணம் என்று சொல்கிற ஒரே ஆள் ஈ அக்காதான். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்களில் எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

“இந்தக் கட்டடத்துக் கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும் போல!” ஈ அக்கா தன் கணுக்காலைச் சொறிந்தபடி பெட்டியைத் திறந்தாள். கட்டைவிரல் நகம் பெரிசுக்கு ஒரு ஈ, காய்ந்து கிடந்தது.

“ஆபீஸ் வேலையா மலைக்குப் போறேன்னுதான் சனிக்கிழமை கிளம்பினாரு. வந்து பார்த்தா கார் பூரா மணல். கேட்டா எரிஞ்சு விழறாரு.” வந்தவள் மேசையோரம் சாய்ந்தாள். “கூடப் பிறந்தவளா நினைச்சுக் கேக்கறேன். இது மலை ஈயா, கடற்கரை ஈயா? கடற்கரைன்னா பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“அடி அசடே! ஒரு ஈயை நம்பியா குடித்தனம் பண்றே?” ஈ அக்கா சிரித்தாள். “மலை ஈக்குக் கண்ணுல ஒரு பச்சைக் கோடு. கடலோரச் சதுப்புல இருக்கறதுக்கு ரெண்டு. செத்துட்டா கோடு மறைஞ்சிடும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா கொஞ்ச நேரம் திரும்பி வரும்.”

சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

“ஒரே கோடு. மலை ஈதான். மனுஷனைச் சும்மா சந்தேகப்படாதே, போ.”

கால் ஒடிந்த ஈயைக்கூட ஊசி குத்திப் பத்திரப்படுத்துகிறவள், இதைக் குப்பைக்கூடையில் தட்டிவிட்டாள்.

பட்டாம்பூச்சிப் பிரிவுக்காரி நகரவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்தத் தண்ணி வித்தையை எனக்கு நீங்க எப்பவோ சொல்லிக் குடுத்துட்டீங்கக்கா. மறந்துட்டீங்க. காலையிலேயே வீட்டுல நனைச்சுப் பார்த்தேன். ரெண்டு கோடு.”

ஈ அக்கா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

“எங்கே போனாருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. யாரோடன்னுதான் தெரியாம இருந்துச்சு.” அவள் பார்வை மேசைக்கடியில் சிவந்து வீங்கியிருந்த கணுக்காலுக்கு இறங்கியது.

“உங்களைக் கடிச்சதுக்கு எத்தனை கோடுக்கா?”