பகல் தூக்கம்

மதியம் இரண்டு மணி. பெரியநாயக்கன்பாளையத்துப் பழைய வீட்டின் மரப்படிக்கட்டில் முழங்காலிட்டு, பொற்கொடி மூன்றாவது படியில் ஸ்க்ரூவைத் திருகுகிறாள். மாடியில் குடியிருப்பவர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் படிகள் கிறீச்சிட, இரவு ஷிப்ட் முடித்து வந்து கீழறையில் படுக்கும் அவள் கணவன் பிரான்சிஸ் விழித்துவிடுகிறான். நேற்று லேத் இயந்திரத்தில் கண்ணயர்ந்து அவன் விரல் போக இருந்தது. சுத்தியல் சத்தம் அவனை எழுப்பிவிடும் என்று திருப்புளியோடு மல்லுக்கட்டுகிறாள். பலகை மேலெழும்பி நிற்கிறது. ஸ்க்ரூ இறங்க மறுக்கிறது. ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. அறைக் கதவு திறக்கிறது. சிவந்த கண்களோடு, லுங்கியை இறுக்கியபடி பிரான்சிஸ் வருகிறான். “ஏனுங்க, எந்திரிச்சுப்போட்டீங்களா? போயி படுங்க.” “பலகைய ஆராச்சும் அமுக்கோணும் அம்மணி. நான் உக்காந்துக்கறேன், நீ திருகு.” அவன் உட்கார, பலகை படிகிறது. ஸ்க்ரூ பிடிக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் மணிக்கட்டு வலிக்கிறது. “ஆச்சுங்க” என்கிறாள். சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவன் தூங்குகிறான். இன்னும் ஆறு படிகள் பாக்கி. திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சரிந்துவிடாதபடி அவன் முழங்காலில் தன் தோளை முட்டுக்கொடுத்துக் கீழ்ப்படியில் உட்காருகிறாள். மேலே கதவு திறக்கிறது. இறங்க வந்த பெண்ணைப் பார்த்து, அப்படியே நிற்கும்படி கையை உயர்த்துகிறாள்.