வீட்டுப் பள்ளிக்கு லீவு

மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தாள் சுகந்தி. அன்று காலையிலிருந்தே எதுவும் ஓடவில்லை. ஒன்பது வயது ஆதிரைக்குப் பின்னக் கணக்கை விளக்க உட்கார்ந்தால், ஆறு வயது நன்மாறன் 'ழ' எழுத வரவில்லை என்று பென்சிலை வீசினான். அவனைச் சமாதானப்படுத்தித் திரும்புவதற்குள் மூன்று வயது மகிழினி ஆதிரையின் நோட்டில் பாலைக் கொட்டியிருந்தாள்.

"போதும்டா சாமி. இன்னைக்கு லீவு!"

"லீவுன்னா என்னம்மா?" என்றான் நன்மாறன்.

"ஸ்கூல் இருக்காது. எல்லாரும் வீட்லயே இருப்பாங்க."

"நாம தெனமும் அப்படித்தான இருக்கோம்?"

சுகந்தி நோட்டிலிருந்த பாலைத் துடைத்தாள். வேறெப்படிச் சொல்வது?

"பாடம் எடுக்கிற டீச்சர் இருக்க மாட்டாங்க."

நன்மாறனின் முகம் சுருங்கியது. "அப்ப நீ எங்க போவ?"

எங்கே போவாள்? ஆதிரை அடுக்களைக்குப் போய், பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா மதியம் சாப்பிட வருவாருல்ல, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். நீ சாயங்காலம் வந்துருவல்ல?"

வேண்டாம் என்று சொல்லத்தான் சுகந்தி வாயெடுத்தாள். ஆனால் கை பாட்டிலை வாங்கிக்கொண்டது. கால்கள் வாசல்வரை நடந்தன. ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, மகிழினி சிரித்தபடி டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.