லண்ட் வீட்டுச் சட்டம்

"டெல்மா, உன் பொண்ணை அந்த லண்ட் என்ன பாடு படுத்தறார்னு தெரியுமா?" போனில் எதிர்வீட்டு ஏவிஸின் குரல் படபடத்தது.

"ஏன்? கோனி டி.வி. பார்க்கத்தானே போயிருக்கா?"

"பார்க்கவா! என் ஜன்னல்லேர்ந்து எல்லாம் தெரியுது. டி.வி. பக்கத்துல நிக்க வெச்சு, மூஞ்சிக்கு நேரா விளக்கைத் திருப்பி விட்டிருக்கார். போலீஸ் விசாரணை தோத்துடும் போ!"

டெல்மா அடுப்பை அணைத்தாள். இஞ்சி பிஸ்கட் அரைவேக்காட்டில் கிடக்கட்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள். 

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், அந்தத் தெருவில், கலர் டி.வி. வைத்திருந்தவர் ஆர்வில் லண்ட் ஒருவர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். ஆனாலும் டிசம்பரில் அந்த ஆந்தைப் படம் வரும் சாயங்காலம் மட்டும் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் கதவைத் திறந்து விட்டுவிடுவார்.

இருட்டைக் கண்டால் நடுங்கும் ஆந்தைக்குஞ்சு ஒன்று, பல் போன கரடியோடு கலங்கரை விளக்கை ஏற்றக் கிளம்பும் பொம்மைப் படம். வருஷத்துக்கு ஒரே தடவைதான் போடுவார்கள். விட்டால் அடுத்த கிறிஸ்துமஸ்தான். பொம்மைகள் திக்கித் திக்கித்தான் நடக்கும். இருந்தாலும் அலுக்காது. குழந்தைகளுக்கு அத்தனை வசனமும் தலைகீழ்ப் பாடம்.

டெல்மாவுக்கும்தான். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், கோனி குழந்தைகளைப் பார்த்து நின்றிருந்தாள்.

"எனக்கு இருட்டுன்னா பயம்னு யார் சொன்னது? கண்ணை மூடிட்டுப் பறக்கிறது என் வழக்கம்!"

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லெனாவின் சிரிப்புதான் எல்லோரையும் விடப் பலமாக இருந்தது. லண்டின் தங்கை பேத்தி அவள், பண்டிகைக்கு வந்திருக்கிறாள்.

அடுத்து கரடியின் வசனம். டென்னி எழுந்து விளக்கடிக்கு வந்தான்.

"வாயில என்னடா?" என்றார் லண்ட்.

"கேரமல், மிஸ்டர் லண்ட்."

"முழுங்கிட்டுப் பேசு. முணுமுணுக்காதே. முகத்தை நிமித்து. பேசி முடிக்கிற வரைக்கும் டி.வி. பக்கம் திரும்பக் கூடாது."

டென்னி அவசரமாக விழுங்கிவிட்டு, "ஜாக்கிரதை, ஐஸ் மெலிசா இருக்கு!" என்று கத்துவதற்குள், டி.வி.யில் கரடி ஏரிக்குள் விழுந்து, எழுந்து, உதறிக்கொண்டு போயே போய்விட்டது.

டெல்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஆர்வில், குழந்தைங்க படம் பார்க்க வந்தாங்களா, உங்ககிட்ட பாடம் ஒப்பிக்க வந்தாங்களா?"

"இந்த வருஷம் இப்படித்தான், டெல்மா."

"டி.வி. கெட்டுப் போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

லண்ட் ஒரு கணம் முன்வரிசையைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார்.

"என் வீடு. என் டி.வி. என் சட்டம்."

"சத்தம் ஆகாதுன்னா எதுக்குக் கதவைத் திறக்கறீங்க? தெருவெல்லாம் உங்களை நல்லவர்னு சொல்லணும், ஆனா உங்க காதுக்கும் நிம்மதி வேணும். அப்படித்தானே?"

லண்ட் குனிந்து விளக்கைச் சரிசெய்தார்.

"கோனி, கோட்டை எடு. கிளம்பலாம்."

"அம்மா! இன்னும் கலங்கரை விளக்கே வரலைம்மா!"

அவள் கண் கலங்கிவிட்டது. டெல்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமே!

"சரி, பார்க்கலாம். ஆனா ஊர்ல எல்லாரும் பார்க்கிற மாதிரி பார்க்கலாம்" என்றவள், விறுவிறுவென்று போய் டி.வி.யின் குமிழைத் திருகினாள்.

வயலினும் மணியோசையும் கூடத்தை நிறைத்தன. ஆந்தைக்குஞ்சின் நடுங்கும் குரல் எழுந்தது. டெல்மாவுக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. அடுத்த வசனத்தை அவள் வாய் தானாகவே முணுமுணுத்தது.

"கேட்டீங்களா? இதுதான் படம்!"

பெருமையோடு திரும்பினாள்.

ஒரு குழந்தை முகத்திலும் சந்தோஷம் இல்லை. டென்னி தரையைப் பார்த்தான். சற்று முன் அப்படிச் சிரித்த லெனா, மூடிக் கிடந்த கோனியின் வாயைப் பார்த்தாள், பிறகு டென்னியின் வாயை, பிறகு லண்டை. 'என்ன ஆச்சு?' என்பது போலக் கையை விரித்தாள்.

கோனி நேரே வந்து குமிழைத் திருகினாள். கூடம் மறுபடி அமைதியானது.

"கோனி! பெரியவங்க பேசிட்டிருக்கும்போது என்ன திமிர் இது?"

கோனி அம்மாவின் கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போனாள். லெனாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காதோடு காதாகச் சொன்னாள்:

"லெனாவுக்குக் காது கேக்காதும்மா. பேசறவங்க உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவா. ஆந்தைக்கு ஏதும்மா உதடு?"