மருமகளின் நாற்காலி

தானியக் கிடங்கின் தகரக் கூரையில் உள்ள ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக இறங்குகிறது. கீழே நாற்பது பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்களுக்குச் சமமான கூலி கேட்டு நாளைக்கு முதலாளி முன்னால் இப்படியே உட்காரப் போகிறார்கள்; இன்றைக்கு ஒத்திகை. நடத்துகிறவள் என் மருமகள், பெண்கள் சங்கத் தலைவி. அவள் போட்ட சத்தத்தில் ஒரு லாரி, ஓட்டுநர் இல்லாமலே பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். “முதலாளி வரட்டும், அவங்க அப்பாவே வரட்டும், யாரும் எழுந்திருக்கக் கூடாது. கால் தானா எழும்பும், அழுத்திப் பிடிச்சுக்கணும்” என்கிறாள். வீட்டில் என் முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. எனக்குக் குசும்பு. இருமிக்கொண்டே உள்ளே நுழைகிறேன்.

அவள் எழுந்துவிடுகிறாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிறது. கை தானாக முந்தானையைச் சரிசெய்கிறது. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க வந்த நானும்தான். பின்வரிசையில் இரண்டு பேர் அவளைப் பார்த்து மெல்ல எழுகிறார்கள். “உட்காரும்மா” என்கிறேன். “நீங்க உட்காருங்க மாமா” என்கிறாள், தரையைப் பார்த்து. தரையிலாவது உட்காரலாமென்று குனிகிறேன். அவளும் கூடவே குனிகிறாள். சாக்குத் தைக்கிற பெண் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுச் சொல்கிறாள்: “பெரியவரே, நீங்க வெளிய போங்க. எங்க தலைவி உட்காரணும்.”

வெளியே வந்து, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்து நிற்கிறேன். உள்ளே நாற்காலியை நிமிர்த்துகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.