எண்ணெய்க் கறை

"ஏட்டி, இதைத் தொட்டது யாரு?"

விக்னேஸ்வரன் போட்ட சத்தத்தில் அடுப்படியில் நாகஜோதி கையிலிருந்த கரண்டியே நழுவி விழுந்தது. எட்டிப் பார்த்தாள். முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் விமானத்தை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு நின்றான் புருஷன். முகம் சிவந்து கிடந்தது.

"நாந்தான் தொட்டேன். அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டுறீங்க?"

"அடியில இருந்த கறை எங்க?"

"தொடச்சுட்டேன்."

"தொடச்சுட்டியா!" தலையில் அடித்துக்கொண்டான். "பாவி, தொடச்சுட்டியா!"

நாகஜோதிக்கும் சுர்ரென்று ஏறியது. இந்த விமானப் பைத்தியத்தைப் பற்றிப் பெண் பார்க்க வந்தபோது ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தால் சோறு தண்ணி கிடையாது. துண்டு துண்டாக ஒட்டுவான், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடிப்பான். வீட்டில் பீரோவுக்கு மேலெல்லாம் விமானம்.

இந்த மஞ்சள் விமானம் ஸ்ரீவில்லிபுத்தூர் சங்கரலிங்கம் ஐயாவுக்காகச் செய்தது. வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக்காக இருந்தவராம். உள்ளூர்ப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் விக்னேஸ்வரனின் கைவேலையைப் பார்த்துவிட்டு, தான் பார்த்துக்கொண்ட விமானம் ஒன்றை அச்சு அசலாகச் செய்து தரச் சொன்னார். செய்து கொடுத்தால், இரண்டு தடவை பஸ் ஏறி வந்து "சரியில்ல தம்பி" என்று திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு மூன்றாம் தடவை வருகிறார்.

காலையில் நாகஜோதியின் கண்ணில் அந்தக் கறை பட்டது. விமானத்தின் மூக்கிலிருந்து அடிவயிறு வரைக்கும் கறுப்பாக வழிந்திருந்தது. பெயிண்ட் ஒழுகிவிட்டது, இந்த அசிங்கத்துக்குத்தான் பெரியவர் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க வெள்ளைத் துணியில் புள்ளி அழுக்கு இருந்தால்கூடப் பொறுக்கி எடுக்கிற வேலை அவளுக்கு. சும்மா விட மனசு வருமா? அந்தத் துணியிலேயே ஒரு துண்டை எடுத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து, சுத்தமாகத் துடைத்து வைத்துவிட்டாள்.

"அது அழுக்கு இல்லடி! மூணு நாளா ஒத்த முடி பிரஷ்ல நான் போட்ட கறை. எஞ்சின்ல இருந்து எண்ணெய் ஒழுகுன மாதிரி!"

"புதுச் சாமான்ல உக்காந்து அழுக்குப் பூசுவாங்களா யாராவது?"

"அவருதான் கேட்டாரு. நம்பர் தப்பா இருந்தாலும் பரவாயில்ல, கறை மட்டும் பிசகக் கூடாதுன்னு பேப்பர்ல வரைஞ்சே குடுத்தாரு. ரெண்டு தடவையும் கறை சரியில்லன்னுதான் திருப்பிக் குடுத்தாரு. நாளைக்கு ரயில் ஏறுறாரு மனுஷன். இப்ப நான் என்னத்தச் சொல்ல?"

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வாயில இருந்து முத்து உதிர்ந்திருக்குமோ?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம்தான். எழுபது வயதிலும் முதுகு வளையாத ஆள். விமானத்தை வைத்துக் கொண்டுபோக, பஞ்சு பரப்பிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். உட்காரக்கூட இல்லை, விமானத்தை வாங்கி முதல் வேலையாகத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க தம்பி கறை?"

"ஐயா, அது வந்து... வீட்ல தெரியாம..."

"யாரு தொடச்சா?" பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "யாரைக் கேட்டுத் தொடச்சீங்க? விடிஞ்சா ரயிலு. இதைக் கொண்டுபோயி நான் என்னத்தக் காட்டுவேன்?"

விக்னேஸ்வரன் கையைப் பிசைந்தான். "இவதாங்கய்யா, கூறுகெட்டவ..."

அவ்வளவுதான். ஏசுகிறவன் வீட்டுக்குள் ஏசட்டும், வந்த ஆள் முன்னால் காட்டிக் கொடுக்கவா செய்வான்? நாகஜோதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்! விடிஞ்சதுல இருந்து இவரு, இப்ப நீங்களா? நான் என்ன திருடுனேனா, உடைச்சேனா? அழுக்கைக் கண்டேன், தொடச்சேன். எந்தப் பொம்பளையும் அதைத்தான் செய்வா. வயசான மனுஷன்னு பாக்கேன், இல்லன்னா நல்லாக் கேட்டுருவேன். பொம்மை விமானத்துல ஒரு கறையைத் தொடச்சதுக்கு இந்தக் குதி குதிக்கீங்களே, அதனால யாரு உசுரு போயிருச்சு?"

பெரியவர் இன்னும் கத்துவார் என்று பார்த்தாள். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு பையன் உசுரு போயிருச்சு தாயி" என்றார். "இருபத்தோரு வயசு, ஓட்டப் படிக்க வந்த பையன். பெரிய ஆபீசர் பார்வையிட வாராருன்னு, இதே எடத்துல வழிஞ்சிருந்த எண்ணெயை, எங்க ஒழுகுதுன்னுகூடப் பாக்காம அவசரமாத் தொடச்சுவிட்டது நாந்தான். மேல போனதும் எண்ணெய் வத்தி எஞ்சின் நின்னுபோச்சு. அவனுக்கு ஓட்டத் தெரியாமதான் விமானம் விழுந்துருச்சுன்னு பழியை அவன் தலையில போட்டாங்க. நாப்பத்தாறு வருசமா நான் வாயத் தொறக்கல. அவன் அம்மாவுக்கு இப்ப எண்பத்தெட்டு வயசு. அவிய கண்ணு மூடுறதுக்குள்ள இந்தக் கறையைக் காட்டி, 'தப்பு உங்க மகன் மேல இல்லம்மா, என் மேல'ன்னு சொல்லத்தான் நாளைக்கு ரயில் ஏறுறேன்."