நாளைக்கு லீவு கிடையாது

"யோவ் சிரில், தண்ணிய வேர்ல ஊத்துய்யா. மேல பீச்சியடிச்சா பூவெல்லாம் கொட்டிப்பூடும்."

"வேர்ல ஊத்துனா இலையில கீற தூசி எப்டிம்மா போவும்? சுரங்கத்துல கொட்டி வெச்ச சயனைடு மேட்டு மண்ணு மொத்தமும் இங்கதான் வந்து குந்திக்கினு கீது."

மேனேஜர் கிரண் தலையில் கை வைத்துக்கொண்டார். காலைக் காபி இன்னும் தொண்டையில் இறங்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய சுரங்க அதிகாரியின் பங்களாவை ஓட்டலாக மாற்றிய நாளிலிருந்து இசபெல்லா தோட்டத்துக்குப் பொறுப்பு, சிரில் மோட்டாருக்கும் பைப்புகளுக்கும் பொறுப்பு. கிரண் பெங்களூரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. இருவரும் சண்டை போடாத ஒரு நாளை அவர் பார்த்ததில்லை.

வேறு சமயமாக இருந்தால் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டிருப்பார். இப்போது அப்படி விட முடியாது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கல்யாண சீசன். நாளை மாலை இந்தப் புல்தரையில்தான் சீசனின் முதல் ரிசப்ஷன். முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்: "இது நல்லபடியா நடந்து நாலு பேர் பாராட்டினா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா சிமென்ட் போட்டு கார் பார்க்கிங் ஆக்கிடுவேன்." அப்படி ஆகிவிட்டால் இசபெல்லாவும் சிரிலும் மட்டுமா வீட்டுக்குப் போவார்கள்? கிரணும்தான்.

போதாக்குறைக்கு, புக் செய்திருந்த பெங்களூர்க்காரர் டென்சில் போனில் வேறு பயமுறுத்தியிருந்தார். "எல்லாம் என் தங்கச்சிக்குப் பிடிக்கணும் சார். புல்லுல ஒரு பழுத்த இலை கெடந்தாலும் சும்மா விடமாட்டா."

"பொண்ணு ரொம்பக் கறாராம். பாத்து வேலை செய்யுங்க" என்றார் கிரண்.

"ஆமா சார், நானும் கேள்விப்பட்டேன்" என்றார் சிரில், பைப்பைச் சுருட்டிக்கொண்டே. "பாவம் சார் அந்த மாப்பிள்ளை."

இசபெல்லா முறைத்தார். காகிதப்பூ வளைவை மரத்தடியில் நிறுத்தச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டினார்.

"மரத்தடியில வேணாம்மா. காக்கா எச்சம் போடும். மாப்பிள்ளை புதுக் கோட்டு போட்டுக்கினு வருவாரு."

"மாப்பிள்ளை எங்க நின்னா இன்னா? அவர யாரு பாக்கப் போறாங்க?"

"ஒரு நாளாச்சும் அந்த மனுஷன் மரியாதையா நிக்க வேணாமா?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் பெருமாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிரணுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"போதும். அடுத்த வாரத்துலேர்ந்து இசபெல்லாம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், சிரிலுக்கு செகண்ட் ஷிஃப்ட். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே வேணாம்."

சண்டை அந்த நொடியே நின்றது. இந்த யோசனை முன்பே வராமல் போயிற்றே என்று கிரண் தன்னை நொந்துகொண்டார்.

சாயங்காலம் தோட்டத்தைப் பார்த்தபோது மனம் குளிர்ந்தது. சாமந்தித் தொட்டிகள் வரிசையாக நின்றன. குரோட்டன்ஸ் இலைகள் கழுவித் துடைத்தது போல மின்னின. வளைவு மரத்தடியை விட்டுப் புல்தரையின் நட்ட நடுவில் நின்றது. எப்படியோ சமாதானம் ஆகியிருக்கிறார்கள்.

புறப்படும் நேரத்தில் இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். அதுவே அதிசயம்.

"சார், நாளைக்கு லீவு வேணும்" என்றார் இசபெல்லா.

"எனுக்கும் சார்" என்றார் சிரில். "ஒரு கல்யாணம். போயே ஆகணும். அது வந்து, யாரு கல்யாணம்னா..."

கிரண் முடிக்க விடவில்லை. "யார் கல்யாணமா இருந்தா எனக்கென்ன? இங்க ஒரு கல்யாணத்த வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஊர்க் கல்யாணத்துக்குப் போறீங்களா? காலைல போய்ட்டு வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் இந்தப் புல்தரையில நிக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிக்கிறோம் சார்" என்றார் சிரில், பள்ளிக்கூடப் பையனைப் போல.

மறுநாள் ஐந்தரை மணிக்கே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஆண்டர்சன்பேட்டை ஊரில் பாதி இங்கேதான் இருந்தது. வந்தவர்கள் வளைவின் முன் நின்று படம் எடுத்துத் தள்ளினார்கள். ஜனவரியில் புல்தரை காலியாக இருக்குமா என்று இரண்டு குடும்பங்கள் முதலாளியிடமே விசாரித்தன. முதலாளி வாயெல்லாம் பல்.

கிரணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஆறு அடிக்கப் போகிறது, இசபெல்லாவையும் காணோம், சிரிலையும் காணோம். வரட்டும், இரண்டு பேர் சீட்டையும் கிழித்துவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டே பூங்கொத்தோடு வாசலுக்குப் போனார்.

பூ ஜோடித்த கார் வந்து நின்றது. டென்சில் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். வெள்ளைப் பட்டுப்புடவையும் முகத்தை மறைத்த வலைத்துணியுமாக மணப்பெண் புல்தரையில் கால் வைத்தாள். வைத்தவள் பூங்கொத்தை வாங்கவில்லை. முதலில் குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பழுத்த இலையைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் வலைத்துணியை விலக்கினாள்.

"மூணு ஞாயித்துக்கெழம சர்ச்சுல எங்க கல்யாண ஓலை வாசிச்சாங்களே சார், ஊருக்கே தெரியும்" என்றார் இசபெல்லா. "நீங்கதான் சனிக்கெழம ஆனா ட்ரெயின் ஏறிப் பெங்களூர் பூடுறீங்க."

அந்தப் பக்கக் கதவிலிருந்து புதுக் கோட்டோடு இறங்கிய சிரில் கடிகாரத்தைக் காட்டினார். "கரெக்டா ஆறு மணி சார். லீவு கூட வேணாம், அந்த ஷிஃப்ட்ட மட்டும் மாத்திடாதீங்க."