தாழிட்ட சானா

"திறடி! இல்லேன்னா ஒருத்தரும் உயிரோட வெளிய வர மாட்டீங்க!"

கத்தியவன் ஹெய்மோ, பத்து வருஷம் ஆட்டிப்படைத்த கணவன். கையில் கோடரி. உள்ளே சிர்க்கா இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றாள்.

மதியச் சாப்பாட்டின்போதுதான் விஷயத்தை உடைத்தாள். "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஹெல்சிங்கிக்கே போறேன். இந்தக் காட்டுல இனிமே என்னால முடியாது." அடுத்த நொடி பொரித்த மீன் தட்டோடு பறந்து சுவரில் மோதியது. "என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்த்தான் பாரேன், அப்புறம் தெரியும்!" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

இதுவரை தட்டு, நாற்காலி, ரேடியோ எல்லாவற்றையும் உடைத்து முடித்தவன். இனி மனுஷர்கள்தான் பாக்கி என்று அவளுக்குத் தோன்றியது.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் மார்த்தா நாலு மணிக்குப் படகு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். மூவரும் பையும் கையுமாகத் துறைப் பக்கம் நழுவும்போது, விறகு பிளந்துகொண்டிருந்த ஹெய்மோ பார்த்துவிட்டான். "நில்லுடி!" என்று கோடரியோடு ஓடிவந்தான். படகு இன்னும் நடு ஏரியில் இருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது கரையோரத்துப் புகை சானா ஒன்றுதான், புகைபோக்கி இல்லாத அடுப்பில் கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கிற குடில். முழு மரத்தில் கட்டிய சுவர், கனத்த கதவு. சிர்க்கா வேறெதையும் யோசிக்கவில்லை.

காலையிலிருந்து எரிந்த அடுப்பு அணைந்து, கங்கெல்லாம் வாரியாகிவிட்டது. கல் மட்டும் தகதகத்தது, புகை இல்லை. சுவிட்சைத் தட்டினால் சூடாகிற நகரத்து சானாவில் வளர்ந்தவளுக்கு இந்தக் கரிக்குகை என்றைக்குமே பிடித்ததில்லை. ஐந்து வயது இல்போவுக்கோ கொண்டாட்டம். சுவரில் கையைத் தேய்த்து மூக்கில் கரி பூசிக்கொண்டான்.

"உள்ள வரச்சொல்லி அப்பா இன்னும் கூப்பிடலையேம்மா?" என்றாள் எட்டு வயது கைசா.

"எல்லாத்துக்கும் உங்கப்பா உத்தரவு வேணுமா? வாயை மூடிட்டு உட்காரு."

அப்போது கதவில் விழுந்தது முதல் அடி. அவன் என்னென்னவோ கத்தினான். அந்தத் தடித்த சுவரைத் தாண்டிப் பாதி வார்த்தைகள்தான் உள்ளே வந்தன. "சாகப் போறீங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. இல்போ வீறிட்டான்.

கதவு அசையவில்லை என்றதும் அவன் பக்கவாட்டுக்கு ஓடினான். கூரைக்குக் கீழே கையகல ஜன்னல்போல ஒரு பொந்து. அதில் அவன் முகம் தெரிந்ததும் சிர்க்கா மேல்பலகையில் தாவி ஏறி, அதன் மரமூடியை இழுத்துச் சாத்தினாள். வெளியிலிருந்து நாலு விரல் நுழைந்து மூடியைத் தள்ளப் பார்த்தது. தண்ணீர் ஊற்றுகிற செம்புக் கரண்டியை ஓங்கி அந்த விரல்கள்மேல் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மூடியில் ரத்தம் வழிந்தது. நல்லா வேணும் என்று இருந்தது அவளுக்கு.

பிறகு கோடரி வேலையை ஆரம்பித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் சுவரிலிருந்து கரி உதிர்ந்தது. கதவு லேசில் மசிகிற கதவாக இல்லை.

"தலை வலிக்குதும்மா," என்று கைசா அவள் மடியில் சாய்ந்தாள். சிர்க்காவுக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது. இத்தனை பயத்தில் வலிக்காமல் என்ன செய்யும்? இல்போ அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் களேபரத்திலும் தூங்கியே போனான். அதுவும் நல்லதற்குத்தான், நடக்கப்போவதை அவன் பார்க்க வேண்டாம்.

கதவு பிளந்தது. ஹெய்மோ தாழ்ப்பாளைப் பிய்த்தெறிந்துகொண்டு உள்ளே பாய்ந்தான். குறுக்கே விழுந்தவளை ஒரே உதையில் தள்ளினான். கைசாவைப் பின்னலோடு பற்றி இழுத்துப்போய்ப் புல்லில் வீசினான். திரும்பி வந்து இல்போவைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். பையன் தலை வாசற்படியில் மோதியதைக்கூட அவன் பார்க்கவில்லை.

சிர்க்கா தவழ்ந்துதான் வெளியே வந்தாள். கால் நிற்கவில்லை. ஆனால் கங்கு வாரும் இரும்புக் கம்பி கையில் சிக்கியதும் எங்கிருந்தோ பலம் வந்தது.

ஹெய்மோ இல்போவின்மேல் கவிழ்ந்திருந்தான். நொறுங்கிய விரல்களால் பையன் மூக்கை நெரித்து, மறுகையால் தாடையைப் பிடித்திருந்தான்.

"கொலைகாரப் பாவி!"

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி மண்டையைப் பிளந்தது. ரத்தம் காதோரம் இறங்கிப் பையனின் சட்டையை நனைத்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பையனையும் விடவில்லை.

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கம்பியை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். படகைக் கட்டாமலே ஓடிவந்திருந்தாள் மார்த்தா.

"விடு மார்த்தா! இவன் என் புள்ளையைக் கொல்றான்!"

அதே சமயம் இல்போ இருமினான். வாந்தி எடுத்தான். பிறகு ஏரியே அதிரும்படி அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் ஹெய்மோ பையனைவிட்டுப் பக்கவாட்டில் சரிந்தான்.

மார்த்தா அவனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், ரத்தம் வழிந்த சானாச் சுவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அடிப்பாவி, விஷவாயு வெளிய போற பொந்தை யாருடி மூடினது?"